அடுப்பும் புகைபோக்கியும்

ரம்ஜான் மாதத்தில் ஹைதராபாத் நகரின் வீதிகளில் செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். உணவு விடுதிகளின் முன்புறத்தில் செங்கல்லையும் மண்ணையும் கொண்டு பெரிய அடுப்புகள் எழுப்பப்பட்டிருக்கும். ‘பட்டி’ என்பது அவற்றின் பெயர். பட்டியின் மேல் அமர்த்திய பெரிய தேக்சாக்களில் கோதுமையும் ஆட்டிறைச்சியும் பருப்பும் நெய்யும் மசாலைப் பொருள்களும் ஒன்றுசேர்ந்து, விறகுத் தீயின் இளஞ்சூட்டில் பன்னிரண்டு மணி நேரம் வரையிலும் வேகும். நீண்ட மரத் துடுப்புகளால் அதனை இடித்துக் கிளறிக் கொண்டே இருப்பார்கள். ஹலீம் எனப்படும் இந்த ஹைதராபாத் உணவுக்கு 2010-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

பட்டி எரிவது திறந்த வெளியில். புகை வானத்திற்குச் சென்றுவிடுகிறது. காற்றுத் திசை மாறினால் சமையற்காரர் இரண்டடி விலகி நின்றுகொள்ளலாம். ஆனால் அதே விறகு, சாளரமற்ற சிறிய சமையலறையில் எரியும்போது நிலைமை வேறு. அங்கே விலகி நிற்க இடமில்லை. சமைக்கும் தாயும், அவள் இடுப்பிலுள்ள குழந்தையும் அப்புகையையே சுவாசிக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் எழும் புகையினால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் உரிய காலத்திற்கு முன்பே மாண்டனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு.

இப்புகையை எவ்வாறு வெளியேற்றுவது என்னும் கேள்விக்கு இதே ஹைதராபாத் நகரின் பொறியியல் ஆராய்ச்சிச் சாலை ஒன்று 1950-களின் தொடக்கத்தில் ஒரு விடை கண்டது. அவ்விடை எவ்வளவு தூரம் பயன்பட்டது, எங்கே தவறிற்று என்பதைக் கிராமப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம். அதற்கு முன், புகை என்பது யாது, அது எவ்வாறு செல்கிறது என்று பார்ப்பது பொருத்தமாகும்.

புகை என்பது எரியாத விறகே

விறகு நேராக எரிவதில்லை. முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. உஷ்ணம் 200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டி ஏறும்போது விறகு சிதைந்து, பலவகை வாயுக்களையும் தார் போன்ற பொருள்களின் ஆவியையும் வெளியிடுகிறது. உலர்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்வாறு ஆவியாக வெளியேறுவது. எஞ்சி நிற்பது கரி. சுடராகக் கண்ணுக்குத் தெரிவது இந்த ஆவிகள் எரியும் காட்சியே ஆகும்.

ஆவிகள் முழுமையாக எரிவதற்குப் போதிய பிராணவாயு வேண்டும். சுமார் 600 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணம் வேண்டும். இரண்டும் நன்கு கலப்பதற்குச் சிறிது இடமும் நேரமும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆவிகள் பாதி எரிந்த நிலையிலேயே தப்பிவிடும். தப்பியவை குளிர்ந்து நுண்துளிகளாகவும் கரித்துகள்களாகவும் மாறுகின்றன. இதுவே புகை. நச்சு வாயுவாகிய கார்பன் மானாக்ஸைடும் இதனோடு சேர்ந்தே வருகிறது. எனவே அடுப்பு புகைகிறது என்றால் விறகின் ஒரு பகுதி வீணாகிறது என்று பொருள். கண்ணுக்குத் தீங்கும் காசுக்கு நஷ்டமும் ஒரே காரணத்தால் விளைபவை.

ஈர விறகு ஏன் புகைகிறது என்பதும் இதனால் விளங்கும். நூற்றுக்கு முப்பது பங்கு ஈரமுள்ள ஒரு கிலோ விறகில் 300 கிராம் நீர் இருக்கிறது. அந்நீரை ஆவியாக்கவே ஏறத்தாழ 180 கிலோ கலோரி வெப்பம் செலவாகிறது. இந்தச் செலவை விடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. நீராவி தீயைக் குளிரச் செய்வதால், ஆவிகள் எரிவதற்கு வேண்டிய உஷ்ணம் கிட்டாமல் போகிறது. விறகில் பாதி புகையாகவே வெளியேறுகிறது என்று வீட்டார் நொந்துகொள்வதற்குக் காரணம் இதுவே.

தீ ஓரிடம், சமையல் வேறிடம்

தமிழ்நாட்டு வீடுகளில் கொடியடுப்பு என்பது பழகிய பொருள். முதல் அடுப்பில் தீ எரியும். அதன் பக்கத்தில் உள்ள கொடியடுப்புக்கு உட்துளை வழியாக அனலும் சுடரும் செல்லும். சோறு முன்னடுப்பில் கொதிக்கும்போது குழம்போ பாலோ கொடியடுப்பில் மெல்லச் சூடேறும். தீ ஓரிடத்தில், பயன் இரண்டு இடத்தில் என்பதே இதன் தத்துவம்.

இதே தத்துவத்தை அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தார் வெளிப்புறச் சமையலில் கையாளுகின்றனர். நீண்ட இரும்பு உருளை ஒன்று இறைச்சியை வைக்கும் அறையாகிறது. அதன் ஒரு முனையில், சற்றுத் தாழ்வாக, தீப்பெட்டகம் பக்கவாட்டில் இணைக்கப்பட்டிருக்கும். மறு முனையில் புகைபோக்கி. தீயும் இறைச்சியும் நேரே சந்திப்பதில்லை. சூடான காற்றும் இலேசான புகையும் இறைச்சியின் மேல் தவழ்ந்து சென்று புகைபோக்கியால் வெளியேறும். உள்ளே உஷ்ணம் பெரும்பாலும் 105 முதல் 135 டிகிரி வரையில் வைக்கப்படுகிறது. மாட்டின் நெஞ்சுப் பகுதி இறைச்சியைப் போன்ற கடினமான பகுதி பத்து மணி நேரத்திற்கும் மேலாக இதில் வேகும். தசையைப் பிணைத்திருக்கும் கொல்லாஜன் என்னும் நார்ப்பொருள் இந்நீண்ட நேரத்தில் கரைந்து ஜெலாடினாக மாறுவதால் இறைச்சி மென்மையடைகிறது. ஹைதராபாத் பட்டியில் ஆட்டிறைச்சி குழைவதும் இதே மாற்றத்தினால்தான்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. புகையின் மணத்துக்காகவே சமைக்கும் அவர்கள்கூட அடர்ந்த வெண்புகையை விரும்புவதில்லை. அது உணவைக் கசக்கச் செய்யும். புகைபோக்கியின் வாயில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலநிறப் புகை எழுவதே நல்ல தீயின் அடையாளம் என்பர். அதற்காக உலர்ந்த விறகைச் சிறு துண்டுகளாகப் பிளந்து, சிறிய தீயைச் சுடர்விட்டு எரிய விடுகின்றனர். பெரிய கட்டைகளை அடைத்துக் காற்றை மறித்துத் தீயை அடக்கினால் புகைதான் மிஞ்சும். காற்று நுழையும் வாயும் புகை போகும் வாயும் சரியாக இருந்தால் தீ சொன்னபடி கேட்கும் என்பது அவர்களது அனுபவம்.

புகைபோக்கி இழுக்கும் விதம்

புகைபோக்கி இழுக்கிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது இழுப்பதில்லை, வெளிக்காற்றே தள்ளுகிறது. சூடான வாயு விரிவதால் இலேசாகிறது. வெளிக்காற்று 30 டிகிரியிலும் குழாயினுள் வாயு 150 டிகிரியிலும் இருந்தால், உள்ளிருக்கும் வாயு அதே பருமனுள்ள வெளிக்காற்றை விட நூற்றுக்கு 28 பங்கு எடை குறைந்தது. குளிர்ந்த கனமான காற்று அடுப்பின் வாய் வழியாக நுழைந்து இலேசான வாயுவை மேலே தள்ளுகிறது. குழாய் உயரமாக இருந்தால் தள்ளும் விசையும் மிகும்.

அவ்விசையின் அளவு எவ்வளவு? மேற்சொன்ன உஷ்ண நிலையில், மூன்று மீட்டர் உயரமுள்ள புகைபோக்கியில் கிடைக்கும் அழுத்த வேறுபாடு ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள நீரின் அழுத்தத்திற்கு மட்டுமே சமம். மிக அற்பமான இந்த அளவை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். குழாயின் உட்புறத்தில் கரி படிந்தாலும், பாத்திரத்துக்கும் அடுப்பின் விளிம்புக்கும் இடையே சந்து இருந்தாலும், குழாயின் தலை கூரையின் முகட்டுக்குக் கீழே இருந்து காற்று எதிர்த்து அடித்தாலும், இந்தச் சிறு விசை தோற்றுப்போகும். தோற்றவுடன் புகை வந்த வழியே அறைக்குள் திரும்பும். புகையற்ற அடுப்புகளின் வரலாறு முழுவதும் இந்த ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கிறது எனலாம்.

ஹைதராபாத் ஆராய்ச்சிச் சாலையின் அடுப்பு

புகையை அடக்கும் முயற்சி முதன்முதலில் ஹைதராபாதில் தோன்றியதன்று. வார்தாவிலுள்ள மகன்வாடியில் இயங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கம் அதற்கு முன்பே ‘மகன் சூலா’ என்னும் மண்ணடுப்பை உருவாக்கியிருந்தது. தஞ்சையில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா நெடுங்காலம் வழிநடத்திய நிறுவனம் அது. மகன் சூலா 1947-ஐ ஒட்டி மக்களிடையே பரப்பப்பட்டது.

ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையின் தலைவராக இருந்த டாக்டர் எஸ். பி. ராஜு இப்பிரச்சினையை ஒரு பொறியியல் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டார். பெரிய கட்டுமானங்களுக்குத் துணை நிற்கும் ஓர் ஆராய்ச்சிச் சாலை ஏழை வீட்டின் அடுப்பை ஆராயத் தகுந்த பொருளாகக் கருதியது அக்காலத்தில் புதுமையே. அந்நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அவ்வடுப்பு ‘ஹெர்ல் சூலா’ என்று அழைக்கப்பட்டது. அதனை விளக்கி ராஜு எழுதிய ஆங்கில நூல் 1953-இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையற்ற சமையலறைகள் என்பது அத்தலைப்பின் பொருள். புகை, கரி, வெக்கை, வீண்செலவு, தீவிபத்து ஆகிய ஐந்திலிருந்தும் சமையலறைப் பெண்டிருக்கு விடுதலை வேண்டும் என்பது ராஜுவின் கொள்கை. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1941-இல் நான்கு விடுதலைகளைப் பற்றி உலகுக்கு உரைத்ததை நினைவூட்டும் இவ்வைந்தும் அடுப்படியைச் சேர்ந்தவை.

அடுப்பின் அமைப்பு எளியது. மண்ணால் ஆன மேடை. ஒரு முனையில் விறகு இடும் வாய். அதிலிருந்து மேடைக்குள் செல்லும் சுரங்கப் பாதை. பாதையின் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திரங்களுக்கான குழிகள். முடிவில் சுவரையோ கூரையையோ கடந்து செல்லும் புகைபோக்கி. கொடியடுப்பின் தத்துவத்தோடு புகைபோக்கியைச் சேர்த்தது என்று இதனைச் சொல்லலாம். புகைபோக்கியின் அடியில் ஓர் அடைப்புத் தகடு உண்டு. தீ மூட்டும்போது அதனை முழுதும் திறந்து வைப்பர். தீ நன்கு பற்றியபின் ஓரளவு மூடினால், அனல் விரைந்து ஓடிப்போகாமல் பாத்திரங்களின் அடியில் தங்கும். கிராமத்தில் கிடைக்கும் மண்ணையும் சுட்ட மண்குழாயையும் கொண்டே இவ்வடுப்பை அமைக்கலாம் என்பது இதன் சிறப்பு.

கிராமத்தில் நேர்ந்தது

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்ற சமூக அபிவிருத்தித் திட்டம் புகையற்ற அடுப்பைக் கிராமங்களுக்கு எடுத்துச் சென்றது. கிராம சேவிகைகள் அதனைக் கட்டும் முறையைக் கற்றுக்கொடுத்தனர். பல ஊர்களில் அடுப்புகள் எழுந்தன. ஆனால் சில மாதங்கள் கழிந்தபின் பல வீடுகளில் பழைய அடுப்பே மீண்டும் புகையத் தொடங்கியது. காரணங்களை ஒவ்வொன்றாக நோக்கினால், பெண்களின் அறியாமை என்று கூறிக் கைகழுவிவிட முடியாது என்பது தெளிவாகும்.

புகைபோக்கியின் உட்சுவரில் தாரும் கரியும் படிந்து நாளடைவில் வழியை அடைத்தன. குழாயைத் துடைக்க வேண்டும் என்பதையும், அதற்கு எது கருவி, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்பதையும் பல வீடுகளில் எவரும் சொல்லவில்லை. குழிகளை விடப் பெரிய பாத்திரத்தை வைக்க வேண்டி வந்தபோது வீட்டார் குழியைச் செதுக்கி அகலமாக்கினர். பின்னர் சிறிய பாத்திரத்தை வைத்தபோது சந்து விழுந்தது. நீண்ட விறகைப் பிளக்க ஆளின்றி, அடுப்பின் வாயையே பெரிதாக்கினர். இரண்டாவது குழிக்கு வேண்டிய சூடு எட்டாததால் அதில் வைத்தது வேகவில்லை. அடைப்புத் தகட்டைத் திருப்பும் வழக்கம் நிலைக்கவில்லை. எப்போதும் திறந்திருந்த தகட்டின் வழியே சுடரின் வெப்பமும் போயிற்று. மிகைக்காற்று நுழைந்ததால் சில வீடுகளில் விறகுச் செலவு குறைவதற்குப் பதில் கூடியது. மழைக்காலத்தில் குழாய் கூரையைக் கடக்குமிடத்தில் நீர் ஒழுகிற்று. ஓலைக் கூரையை நெருங்கிய குழாயைக் கண்டு தீப்பற்றுமோ என்று அஞ்சியவரும் உண்டு. கூரையிலுள்ள பூச்சிகளைப் புகை விரட்டுகிறது என்பதனால் அதனை முற்றும் வெறுக்காத வீடுகளும் இருந்தன.

மண்ணின் கனமும் ஒரு காரணம். நூறு கிலோ மண்ணின் உஷ்ணத்தை 50 டிகிரி உயர்த்தச் சுமார் 1,000 கிலோ கலோரி வேண்டும். அது கால் கிலோ உலர்ந்த விறகு தரும் வெப்பம் முழுவதுக்கும் சமம். பன்னிரண்டு மணி நேரம் எரியும் ஹலீம் பட்டிக்கு இச்செலவு பொருட்டன்று. ஒருமுறை சூடேறிய மண் தீ தணிந்தாலும் உஷ்ணத்தைக் காத்து, உணவை ஒரே சீராக வேகவைக்கும். அரை மணியில் சோறு வடித்துவிட்டு வயலுக்குச் செல்ல வேண்டிய குடும்பத்துக்கோ, மண் சூடேறும் முன்பே சமையல் முடிந்துவிடுகிறது. ஒரே மண் ஓரிடத்தில் நண்பன், மற்றோரிடத்தில் கடன்காரன்.

பின்வந்த ஆண்டுகள்

எரிபொருள் தட்டுப்பாடு மிகுந்த பின்னர் மத்திய அரசாங்கம் 1983 இறுதியில் தேசிய அளவில் ஓர் அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அது 2002-இல் முடிவுறும் வரையில் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் வழங்கப்பட்டன. எண்ணிக்கை பெரியது. எனினும் எத்தனை அடுப்புகள் கட்டப்பட்டன என்று கணக்கிட்ட அளவுக்கு, எத்தனை அடுப்புகள் ஓராண்டுக்குப் பின்னும் எரிகின்றன என்று பார்க்கப்படவில்லை.

இதனை ஒடிஸாவில் நடத்தப்பெற்ற ஓர் ஆராய்ச்சி அளந்து காட்டியது. ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூவரும் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரையில் தொடர்ந்து கவனித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பு கொடுக்கப்பட்ட வீடுகளில் சமைக்கும் பெண்கள் சுவாசித்த புகை முதலாண்டில் குறைந்தது. பின்னர் அந்தக் குறைவு மறைந்தது. அடுப்பைச் சீராகப் பயன்படுத்தாமையும், பழுது பார்த்துப் பராமரிக்காமையுமே காரணம் என்று அவர்கள் கண்டனர். விறகுச் செலவும் குறையவில்லை. ஆராய்ச்சிச் சாலையில் வென்ற அடுப்பு வீட்டில் தோற்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2016-ஆம் ஆண்டு மே முதல் நாள் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் சமையல் எரிவாயு கோடிக்கணக்கான வீடுகளை எட்டியுள்ளது. புகையிலிருந்து விடுபட அதுவே சிறந்த வழி. ஆயினும் உருளையை மீண்டும் வாங்கப் பணமில்லாத மாதங்களில் அதே வீட்டின் விறகடுப்பு திரும்பவும் எரிகிறது. ஆதலால் புகைபோக்கியைப் பற்றிய அறிவு இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை.

பள்ளியில் செய்து காட்டத் தக்கவை

புகை எரியக்கூடிய பொருள் என்பதை ஒரு மெழுகுவத்தியே காட்டிவிடும். எரியும் வத்தியை அணைத்தவுடன் எழும் வெண்புகையின் மேல் நுனியில் தீக்குச்சியின் சுடரைக் காட்டினால், தீ அப்புகை வழியே இறங்கி வத்தியைப் பற்றிக்கொள்ளும். காற்றோட்டம் இல்லாத வகுப்பறையில் இதனைச் செய்தால் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது பரிசோதனைக்கு ஒரு தட்டு, சிறிது நீர், மெழுகுவத்தி, மேலும் கீழும் திறந்த விளக்குக் கண்ணாடி ஆகியவை போதும். தட்டில் வத்தியை நிறுத்தி, சுற்றிலும் நீர் ஊற்றி, கண்ணாடியால் மூடினால், கீழிருந்து காற்று வர வழியின்றிச் சுடர் விரைவில் மங்கி அணையும். வத்தியை மீண்டும் ஏற்றி, கண்ணாடியின் மேல்வாயில் ஒரு தகரத் துண்டை நெடுக்காகச் செருகி வழியை இரண்டாகப் பிரித்தால், சுடர் நிலைத்து எரியும். புகையும் ஊதுவத்தியை மேல்வாயருகே பிடித்தால், ஒரு பக்கத்தில் புகை உள்ளே இறங்குவதையும் மறுபக்கத்தில் மேலெழுவதையும் மாணவர் காணலாம். நுழைவாயும் வெளிவாயும் இன்றித் தீ இல்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

மூன்றாவதாக, புதிதாக வெட்டிய விறகுத் துண்டு ஒன்றை நிறுத்து, வெயிலில் உலர்த்தி, வாரந்தோறும் எடையைக் கரும்பலகையில் குறித்து வரலாம். குறையும் எடை முழுவதும் நீரே. இவ்வட்டவணையை மாணவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றால், மழைக்கு முன் விறகை உலர்த்திக் கூரைக்கடியில் அடுக்க வேண்டும் என்பது தாமாகவே பெற்றோருக்கு எட்டும்.

களப் பணியாளர் கவனிக்க வேண்டியவை

விறகடுப்பு உள்ள வீட்டுக்குச் செல்லும் பணியாளர் முதலில் ஊதுவத்தியை அடுப்பின் வாயருகே பிடித்துப் பார்க்கலாம். புகை உள்ளே சென்றால் புகைபோக்கி வேலை செய்கிறது. வெளியே திரும்பினால் குழாய் அடைபட்டிருக்கிறது, அல்லது பாத்திரத்தின் அடியில் சந்து இருக்கிறது. குழாயைத் துடைக்க நீண்ட கழியின் நுனியில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டால் போதுமானது. குழாயின் தலை கூரை முகட்டுக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். ஓலைக்கும் குழாய்க்கும் இடையே தகுந்த இடைவெளியும், தீப்பற்றாத தடுப்பும் இருத்தல் அவசியம். குழி வீட்டிலுள்ள பாத்திரத்தின் அளவுக்கே அமைய வேண்டும். ஆகவே கட்டுவதற்கு முன் அவ்வீட்டுப் பெண்ணைக் கேட்டு அவள் அன்றாடம் புழங்கும் பாத்திரங்களை வைத்து அளவெடுப்பதே முறை. புகைபோக்கி வைக்க வகையில்லாத வீடுகளில், மழையற்ற நாள்களில் அடுப்பைத் தாழ்வாரத்துக்கோ முற்றத்துக்கோ மாற்றுவதும் நல்ல பலன் தரும். கனன்று கொண்டிருக்கும் கரியைக் குளிருக்காக மூடிய அறைக்குள் எடுத்துச் செல்வது மட்டும் எக்காலத்தும் கூடாது. அதிலிருந்து எழும் கார்பன் மானாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

எல்லாவற்றினும் மேலாக, அடுப்புக் கட்டப்பட்ட ஒரு மாதத்திற்குள் பணியாளர் அவ்வீட்டுக்கு மறுமுறை செல்ல வேண்டும். ராஜு விரும்பிய ஐந்து விடுதலைகளும் அடுப்பைக் கட்டிய நாளில் கிடைத்துவிடுபவை அல்ல. ஒரு மில்லிமீட்டர் நீரின் அளவேயுள்ள விசையை நாள்தோறும் காத்துவரும் கைகளுக்கே அவை கிடைக்கின்றன. அக்கைகள் வீட்டிலுள்ள பெண்ணுடையவை. அவற்றுக்குத் துணையாக நிற்க வேண்டியது இரண்டாம் முறை கதவைத் தட்டும் பணியாளரின் பொறுப்பு.